அலமாரியில் இருக்கும் அவசரக் கைப்பேசி: எடுத்தவுடன் பேச முடியுமா?

புதிய கைப்பேசி வாங்கியதும் பழையதை, ‘ஆத்திர அவசரத்துக்கு ஆகும்’ என்று துணியில் சுற்றி அலமாரியில் வைப்பது பல வீடுகளில் வழக்கம். சைனாடவுனின் கிரேத்தா ஆயர் வட்டாரத்தில் தனியாக வசிக்கும் மூத்தோர், லிட்டில் இந்தியாவில் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு தங்கியிருக்கும் ஊழியர்கள், பிள்ளைகள் வேலைக்குப் போனபின் வீவக வீட்டில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டி என இந்த இரண்டாவது கைப்பேசியை நம்பியிருப்போர் பல தரப்பினர்.

ஆனால், பயன்படுத்தாமல் வைக்கப்படும் கைப்பேசி வைத்தபடியே இருப்பதில்லை. பேட்டரி மெல்ல இறங்குகிறது. சிம் அட்டை காலாவதியாகிறது. சில வேளைகளில் அது பேசப் பயன்படுத்திய கட்டமைப்பே மூடப்பட்டுவிடுகிறது. இவற்றில் எதையும் கைப்பேசி முன்கூட்டிச் சொல்வதில்லை. யாராவது மயங்கி விழுந்து, அதை எடுத்து 995 என்று அழுத்தும்போதுதான் தெரியவரும். மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஒதுக்கினால் அந்த நிலையைத் தவிர்க்கலாம்.

2024ல் என்ன மாறியது?

சிங்கப்பூரில் 2ஜி சேவை ஏப்ரல் 2017ல் நிறுத்தப்பட்டது. அதன்பின் 2024ல் சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 நிறுவனங்கள் 3ஜி சேவையையும் நிறுத்தின. அந்த அலைவரிசைகளை 5ஜி சேவைக்குப் பயன்படுத்துவது முக்கிய நோக்கம். அதற்கு முன்பாகவே, 3ஜியில் மட்டும் இயங்கும் கைப்பேசிகளையும் 4ஜி வழியாகக் குரல் அழைப்பு செய்ய முடியாத கைப்பேசிகளையும் 2024 பிப்ரவரி 1 முதல் கடைகளில் விற்கத் தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் தடை விதித்தது.

இதன் பொருள் எளிமையானது. பழைய பொத்தான் கைப்பேசி நன்றாக எரியலாம், கடிகாரம் காட்டலாம், அதில் விளையாடக்கூட முடியலாம். ஆனால் அழைப்பு போகாது.

அதைவிட ஏமாற்றக்கூடியவை தொடக்ககால 4ஜி கைப்பேசிகள். அவற்றில் பல, இணையத்துக்கு மட்டும் 4ஜியைப் பயன்படுத்தி, பேசும்போது 3ஜிக்கு இறங்கிவிடும். இன்று அவற்றில் வாட்ஸ்அப் ஓடும், காணொளியும் ஓடும். வழக்கமான அழைப்பு மட்டும் இணையாது. வாட்ஸ்அப் வழியாக 995ஐ அழைக்கவும் முடியாது. 4ஜி கட்டமைப்பிலேயே குரல் அழைப்பைக் கொண்டுசெல்லும் ‘வோல்ட்டி’ வசதி கைப்பேசியில் இருந்தாக வேண்டும்.

ஊரிலிருந்து கொண்டுவந்த கைப்பேசிகளிலும் கவனம் தேவை. வோல்ட்டி வசதி கைப்பேசியில் இருந்தாலும் இங்குள்ள நிறுவனத்தின் கட்டமைப்போடு அது பொருந்தாமல் போகலாம். இந்தியாவில் விற்ற ஜியோபோன் போன்றவை ஒரே நிறுவனத்தின் சிம் அட்டையை மட்டுமே ஏற்பவை.

இது சிங்கப்பூருக்கு மட்டும் உரிய சிக்கலில்லை. மலேசியா 2021 இறுதியில் 3ஜியை மூடியது. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபரில் 3ஜி மூடப்பட்டபோது, அவசர எண்ணான 000ஐ அழைக்க முடியாத கைப்பேசிகளைத் தங்கள் கட்டமைப்பிலிருந்தே துண்டிக்கும்படி தொலைபேசி நிறுவனங்களுக்கு உத்தரவிடப்பட்டது. அவசரத்துக்கு உதவாத கைப்பேசியை நம்பி ஒருவர் இருப்பதைவிட, அது வேலை செய்யாது என்று முன்பே தெரிந்துகொள்வது மேல் என்பதே அதன் அடிப்படை.

வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

முதலில் கைப்பேசியின் வைஃபையை அணைக்க வேண்டும். சில கைப்பேசிகள் வைஃபை வழியாகவும் வழக்கமான அழைப்பை அனுப்பும். வைஃபை இயங்கும்போது சோதித்தால், வீட்டில் மட்டும் பேசி, வெளியே போனதும் ஊமையாகிவிடும் கைப்பேசியைச் சரியாக இருப்பதாக நினைத்துவிடலாம்.

பிறகு குடும்பத்தினர் ஒருவரைச் சாதாரண முறையில் அழைத்து ஒரு நிமிடமாவது பேச வேண்டும். அவரைத் திருப்பி அழைக்கச் சொல்லி, மணி ஒலிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டும் நடந்தால் கட்டமைப்பு, சிம் அட்டை, ஒலிவாங்கி, ஒலிபெருக்கி ஆகிய நான்கும் நலமாக உள்ளன என்று பொருள்.

பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ் போன்ற இடங்களில் பழைய கைப்பேசி வாங்குவோர், காசு கொடுப்பதற்கு முன் கடையிலேயே தங்கள் சிம் அட்டையைப் போட்டு இதே சோதனையைச் செய்து பார்க்கலாம். முந்தைய உரிமையாளரின் கணக்கு அதில் பூட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது.

சிம் அட்டைக்கும் ஆயுள் உண்டு

முன்கட்டண அட்டையில் பணம் மீதம் இருப்பது வேறு, அட்டை செல்லுபடியாவது வேறு. பத்து வெள்ளி மீதம் இருந்தும், குறித்த நாளுக்குள் பணம் நிரப்பாததால் அட்டை செயலிழக்கலாம். பிறகு அந்த எண் வேறொருவருக்கு வழங்கப்படவும் கூடும். அந்த எண் சிங்பாஸ் கணக்குடனோ வங்கிக் கணக்குடனோ இணைக்கப்பட்டிருந்தால் சிக்கல் பெரிதாகும். ஆகவே, அட்டை காலாவதியாகும் தேதியை வீட்டு நாட்காட்டியில் குறித்துவைக்க வேண்டும். மாதாமாதம் தானாகக் கட்டணம் கழியும் குறைந்த விலைத் திட்டம், மறதி உள்ளவர்களுக்குப் பாதுகாப்பானது.

சிங்கப்பூரில் ஒருவர் பெயரில் மூன்று முன்கட்டண அட்டைகளுக்கு மேல் பதிய முடியாது. அவசரக் கைப்பேசியின் அட்டை யார் பெயரில் இருக்கிறது என்பது வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊர் திரும்பிவிட்ட அறைத்தோழர் பெயரில் இருக்கும் அட்டையை நம்பியிருக்கக் கூடாது.

‘சிம் அட்டை இல்லாமலேயே அவசர எண் போகும்’ என்று பலர் சொல்லக் கேட்கலாம். இது நாட்டுக்கு நாடு மாறுபடும். அமெரிக்காவில் சந்தா இல்லாத கைப்பேசியிலிருந்து வரும் 911 அழைப்பையும் நிறுவனங்கள் கொண்டுசேர்க்க வேண்டும் என்பது விதி. பிரிட்டனில் சிம் அட்டை இல்லாத கைப்பேசியிலிருந்து 999ஐ அழைக்க முடியாது. மேலும், சிம் இல்லாத கைப்பேசிக்கு யாரும் திருப்பி அழைக்க முடியாது. ஆகவே, செல்லுபடியாகும் அட்டை உள்ளே இருப்பதே உறுதியான வழி.

பேட்டரி: நிரப்பி வைப்பதும் காய வைப்பதும் தவறு

இன்றைய கைப்பேசிகளில் இருப்பது லித்தியம்-அயன் பேட்டரி. அதற்கு இரண்டு பகைவர்கள் உண்டு: வெப்பம், முழு வெறுமை. அணைத்து வைத்தாலும் மின்சாரம் சிறிது சிறிதாகக் குறையும். முற்றிலும் வறண்டபின் மாதக்கணக்கில் கிடந்தால், பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று அதைத் துண்டித்துவிடும். பிறகு மின்னூட்டியில் செருகினாலும் உயிர் பெறாமல் போகலாம்.

மாறாக, எந்நேரமும் மின்னூட்டியிலேயே செருகி வைப்பதும் நல்லதன்று. முழு மின்னூட்டமும் சூடும் சேர்ந்து பேட்டரியை விரைவில் முதுமையடையச் செய்யும். அது வீங்கவும் கூடும்.

நீண்ட நாள் பயன்படுத்தாமல் வைக்கும் கருவியைப் பாதி மின்னூட்டத்துடன் அணைத்து, 32 டிகிரி செல்சியசுக்குக் குறைவான, ஈரமில்லாத இடத்தில் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் பாதி அளவுக்கு மின்னூட்டும்படி ஆப்பிள் நிறுவனம் அறிவுறுத்துகிறது. அது வெறுமனே பாதுகாத்து வைக்கப்படும் கருவிக்கு. அவசரக் கைப்பேசிக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். மாதம் ஒருமுறை 80 விழுக்காடு வரை ஏற்றி வைத்தால், பேட்டரியும் கெடாது, பேசவும் போதும்.

நமது பகல் வெப்பத்தில் சன்னலோரமும் காரின் முன்பகுதியும் பொருத்தமில்லாத இடங்கள். அடுப்புக்கு மேலுள்ள அலமாரியும் சாமி மாடத்து விளக்கின் பக்கமும் அப்படித்தான். படுக்கைக்கு அருகில், கைக்கு எட்டும் உயரத்தில் உள்ள இழுப்பறை ஏற்றது. கீழே விழுந்த மூத்தவரால் உயரமான அலமாரியைத் திறக்க முடியாது என்பதை மறக்கக் கூடாது.

கைப்பேசிக்குரிய கம்பியையும் அதனுடனேயே கட்டி வைக்க வேண்டும். பழைய கைப்பேசிகளின் மைக்ரோ யூஎஸ்பி முனை, இன்று வீடெங்கும் இருக்கும் டைப்-சி கம்பிகளோடு பொருந்தாது. மின்சேமிப்புக் கருவி எனப்படும் பவர்பேங்க் வைத்திருந்தால், அதுவும் தானாக இறங்கும். அதையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்ற வேண்டும்.

அணைத்து வைப்பதா, இயக்கி வைப்பதா?

வெளியே அழைக்க மட்டும் என்றால் அணைத்து வைக்கலாம். ஆனால் அதை இயக்க எந்தப் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தனியாக வசிக்கும் மூத்தவருக்குப் பிள்ளைகள் அழைத்து நலம் விசாரிக்க வேண்டியிருந்தால், கைப்பேசி இயக்கத்தில்தான் இருக்க வேண்டும். அப்போது மாதச் சோதனை போதாது. பொத்தான் கைப்பேசியை வாரம் ஒருமுறையும் திறன்பேசியை ஒருநாள் விட்டு ஒருநாளும் மின்னூட்டுவது நல்லது.

சிம் அட்டைக்குக் கடவுஎண் போட்டிருந்தால் அதை நீக்கிவிடலாம். பதற்றத்தில் மூன்று முறை தவறாக அழுத்தினால் அட்டை பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்கும் ‘பக்’ எண்ணையும் பத்து முறை தவறாக அழுத்தினால் அட்டை நிரந்தரமாகப் பயனற்றுப் போகும்.

முற்றிலும் வறண்ட கைப்பேசியில் தேதியும் நேரமும் பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கலாம். தேதி தவறாக இருந்தால் வாட்ஸ்அப் போன்ற செயலிகள் திறக்க மறுக்கும். தேதி, நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் அமைப்பை இயக்கி வைக்க வேண்டும். 120 நாள்களுக்கு மேல் பயன்படுத்தாத வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக நீக்கப்படும் என்பதால், மாதச் சோதனையில் அதையும் ஒருமுறை திறந்து பார்க்கலாம்.

உதவிக்கு வருபவர் படிக்கும் மொழியில்

2005ல் பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவ உதவியாளர் பாப் பிராட்சி ஓர் எளிய யோசனையைச் சொன்னார். அவசரத்தில் யாரை அழைக்க வேண்டும் என்பதை, ‘அவசரத்துக்கு’ என்ற பொருள்தரும் ஆங்கிலச் சுருக்கமான ‘ஐஸ்’ என்ற பெயரில் கைப்பேசியில் பதிந்து வைக்கலாம் என்பதே அது. அதே ஆண்டு ஜூலையில் லண்டனில் நடந்த குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அது உலகெங்கும் பரவியது. இன்றைய திறன்பேசிகளில் பூட்டைத் திறக்காமலே பார்க்கக்கூடிய மருத்துவத் தகவல் பக்கம் இருக்கிறது. இரத்த வகை, ஒவ்வாமை, உட்கொள்ளும் மருந்து, உறவினர் எண் ஆகியவற்றை அதில் எழுதி வைக்கலாம்.

இங்கே தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ‘பெரியவன்’, ‘அத்தாச்சி’, ‘சின்னம்மா’ என்று தமிழில் பதிந்த பெயர்கள் வீட்டாருக்கு விளங்கும். ஆம்புலன்சில் வரும் உதவியாளரால் அவற்றைப் படிக்க முடியாமல் போகலாம். மகன், மகள் என்ற உறவுமுறையை ஆங்கில எழுத்திலும் சேர்த்துப் பதிய வேண்டும். பொத்தான் கைப்பேசியாக இருந்தால், சிறு அட்டையில் எழுதிப் பின்புறம் ஒட்டிவிடலாம்.

அந்த அட்டையில் கட்டாயம் இருக்க வேண்டியது முகவரி. புளோக் எண், சாலையின் பெயர், மாடி, வீட்டு எண், ஆறு இலக்க அஞ்சல் குறியீடு ஆகிய அனைத்தும் வேண்டும். சிங்கப்பூரில் பெரும்பாலும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி அஞ்சல் குறியீடு இருப்பதால், அந்த ஆறு இலக்கங்களே இடத்தைக் காட்டிவிடும். சைனாடவுன் ஸ்ரீ மாரியம்மன் கோயில் அருகே ஒருவர் மயங்கி விழுந்தால், “சைனாடவுன் கோயில்” என்பதைவிட “244 சவுத் பிரிட்ஜ் ரோடு, 058793” என்று ஒவ்வோர் இலக்கமாகச் சொல்வது விரைவில் உதவியைக் கொண்டுவரும். பதற்றத்தில் சொந்த வீட்டு எண்ணே நினைவுக்கு வராமல் போவதுண்டு. எழுதியதைப் படிப்பது எளிது.

ஒரு வழி அடைபட்டால்

2024 அக்டோபர் 8ஆம் தேதி பிற்பகலில் சிங்டெல்லின் நிலவழித் தொலைபேசிச் சேவையில் தடங்கல் ஏற்பட்டபோது, 995, 999 அவசர எண்களுக்கான அழைப்புகளும் பாதிக்கப்பட்டன. எந்த ஒரு வழியையும் மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்பதை அந்தச் சில மணிநேரம் உணர்த்தியது.

அவசரக் கைப்பேசியின் அட்டையை, வழக்கமாகப் பயன்படுத்தும் கைப்பேசியின் நிறுவனத்திலிருந்து வேறுபட்ட ஒன்றில் வாங்குவது நல்லது. சிறிய நிறுவனங்கள் பல, பெரிய நிறுவனங்களின் கட்டமைப்பை வாடகைக்கு எடுத்தே சேவை வழங்குகின்றன. ஆகவே பெயர் வேறாக இருந்தாலும் கட்டமைப்பு ஒன்றாக இருக்கலாம். வாங்கும்போதே எந்தக் கட்டமைப்பு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டாரின் எண்ணும் கைப்பேசியில் இருக்கட்டும்.

கூட்டம் மிகுந்த நாள்களிலும் இந்தக் கைப்பேசி பயன்படும். ஆண்டுதோறும் தீமிதித் திருவிழாவில், சிராங்கூன் சாலையின் ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து சவுத் பிரிட்ஜ் ரோட்டின் ஸ்ரீ மாரியம்மன் கோயில் வரை பக்தர்கள் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நடக்கிறார்கள். உடன்செல்லும் பெரியவரிடம் அவசரக் கைப்பேசியைக் கொடுத்தனுப்பலாம். நெரிசலில் குரல் அழைப்பு இணையாவிட்டால் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்க்க வேண்டும். பிரிந்துவிட்டால் எங்கே காத்திருப்பது என்பதையும் முன்பே பேசி வைப்பது நல்லது.

மாதம் ஒருமுறை, பத்து நிமிடம்

குடிமைத் தற்காப்புப் படையின் பொது எச்சரிக்கைச் சங்குகள் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரி 15 முழுமைத் தற்காப்பு தினத்தன்றும் செப்டம்பர் 15 குடிமைத் தற்காப்பு தினத்தன்றும், தீவெங்கும் ஒலிக்கப்படுகின்றன. அதை ஒட்டி ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதியை அவசரக் கைப்பேசி நாளாக வைத்துக்கொண்டால் மறக்காது. வீட்டில் ஒருவரை இதற்குப் பொறுப்பாக்க வேண்டும். ‘யாராவது பார்ப்பார்கள்’ என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

1. கைப்பேசியை இயக்கி, தேதியும் நேரமும் சரியா எனப் பார்க்கவும்.
2. வைஃபையை அணைத்துவிட்டு உறவினரை அழைத்துப் பேசவும். அவரைத் திருப்பி அழைக்கச் சொல்லவும்.
3. ஒரு குறுஞ்செய்தி அனுப்பிப் பார்க்கவும்.
4. அட்டையின் மீதத் தொகையையும் காலாவதித் தேதியையும் பார்க்கவும்.
5. மென்பொருள் புதுப்பிப்பு வந்திருந்தால் செய்து முடிக்கவும்.
6. மாறிய எண்கள், மாறிய மருந்துகளைத் திருத்தவும்.
7. 80 விழுக்காடு வரை மின்னூட்டி, சோதித்த தேதியை அட்டையில் எழுதி, அதே இடத்தில் வைக்கவும்.

சோதனைக்காக 995, 999 எண்களை ஒருபோதும் அழைக்கக் கூடாது. அந்த நேரத்தில் உண்மையான அழைப்பு ஒன்று காத்திருக்க நேரிடலாம். பல திறன்பேசிகளில் பக்கப் பொத்தானைத் தொடர்ந்து அழுத்தினால் தானாகவே அவசர அழைப்பு போய்விடும். அப்படித் தவறுதலாகப் போய்விட்டால், துண்டித்துவிடாமல், தவறுதலாக அழைத்ததைச் சொல்லிவிட்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் என்ன நடந்ததென்று அறிய அதிகாரிகள் திரும்ப அழைக்க வேண்டியிருக்கும்.

அவசரக் கைப்பேசிக்கும் மோசடி அழைப்புகள் வரும். வெளிநாட்டு அழைப்புகளைத் தடுக்கும் வசதியைத் தொலைபேசி நிறுவனத்திடம் கேட்டுப் பெறலாம். கைப்பேசி அமைப்புகளில் தடுமாறும் மூத்தோருக்கு, சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் உள்ள எஸ்ஜி மின்னிலக்கச் சமூக நடுவங்களில் நேரடியாக உதவி கிடைக்கும்.

விடைகொடுக்கும் நேரம்

கைப்பேசியின் பின்புறம் புடைத்திருந்தாலோ, திரை மேலெழுந்திருந்தாலோ, மேசையில் வைத்தால் சமமாக நிற்காமல் சுழன்றாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். அதை மின்னூட்டவோ அழுத்தவோ குத்தவோ கூடாது. குப்பைத் தொட்டியிலும் குப்பைக் குழாயிலும் போடக் கூடாது. பழுதுபார்க்கும் நிலையத்தில் கேட்டுப் பாதுகாப்பாக ஒப்படைக்க வேண்டும். அழைக்க முடியாத, ஆனால் வீக்கமில்லாத பழைய கைப்பேசிகளை மின்னணுக் கழிவுத் தொட்டியில் சேர்க்கலாம். அதற்குமுன் படங்களையும் எண்களையும் வேறிடத்தில் சேமித்து, உள்ளிருப்பவற்றை அழித்து, சிம் அட்டையை எடுத்துவிட வேண்டும்.

அட்டையில் எழுதி ஒட்ட வேண்டிய எண்கள்

• 995: ஆம்புலன்ஸ், தீயணைப்பு
• 999: காவல்துறை
• 70999: பேசினால் ஆபத்து என்ற நிலையில் காவல்துறைக்குக் குறுஞ்செய்தி
• 1777: உயிருக்கு ஆபத்தில்லாத நிலையில் ஆம்புலன்ஸ்
• 1799: மோசடி குறித்த சந்தேகங்களுக்கு
• 6536 2692: வெளிநாட்டு ஊழியர் நிலையம், 24 மணி நேரமும்

கைப்பேசியை வெளியூருக்கு எடுத்துச் செல்வோர், மலேசியாவில் 999, இந்தியாவில் 112, தமிழ்நாட்டில் ஆம்புலன்சுக்கு 108, இலங்கையில் ஆம்புலன்சுக்கு 1990, காவல்துறைக்கு 119 ஆகிய எண்களையும் சேர்த்து எழுதிக்கொள்ளலாம். புறப்படும் முன், அந்த அட்டை வெளிநாட்டில் இயங்குமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.